சூரனை நிற்பாட்டிய பூமணி

பாண்டிருப்பின் வடக்குத் தொங்கலில், மருதமுனை தொடங்குகிற இடத்தில், இடியப்பக்காரி பூமணியின் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் வாசல் வரை கூட்டிவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். படித்தது இரண்டாம் வகுப்பு. தொழில் தொடங்கியது இடியப்பம் பிழிய ஒரு உரலும் அவிக்க ஒரு நீற்றுப்பெட்டியும் வைத்து. இன்றைக்கு அவள் அவிக்கிற இடியப்பம் கல்முனையில் எத்தனை கன்டீனுக்குப் போகிறது என்று அவளே விரல்விட்டு எண்ண வேண்டும். கையெழுத்துப் போடப் பழகியது முப்பத்தைந்து வயதில், அதுவும் ஒரே நாளில். அவளிடம் எதையும் சொல்லலாம், "உனக்கு ஏலாது" என்று மட்டும் சொல்லக் கூடாது.

அதைத்தான் கல்முனையில் ஒரு வங்கி முகாமையாளர் சொல்லிப்போட்டார். கொழும்பிலிருந்து வந்து நாலு வருடம் பூமணியின் இடியப்பம் தின்றவர். மாற்றலாகித் திரும்பக் கொழும்புக்குப் போகும்போது அவருடைய நாயைக் கொண்டுபோக வழியில்லை. அங்கே ஏழாம் மாடியில் வீடாம். நாய்க்கு வெள்ளை உடம்பில் ஈரல் நிறப் புள்ளிகள், தொங்குகிற காது, விலா எலும்பு தெரிகிற உடம்பு. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காது.

"இது வேட்டை நாய் அக்கா, பொயின்டர். ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் ஓட வேணும். இல்லாட்டி வீட்டப் பிரிச்சிப் போடும். ஆராவது வயல்காரர் இருந்தாச் சொல்லுங்க. உங்களுக்கு ஏலாது."

பூமணி அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியிலேயே பெயரும் வைத்துவிட்டாள், சூரன் என்று.

சூரன் முதல் கிழமையில் இரண்டு மா மூட்டை, மா அரிக்கிற ஒரு அரிதட்டு, அவளுடைய புருஷன் அழகரெத்தினத்தின் செருப்பு மூன்று ஆகியவற்றைத் தின்றும் தின்னாமலும் விட்டான். அழகரெத்தினம் அதிகம் பேசாத மனுசன். மிஞ்சின ஒற்றைச் செருப்பைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

வாகனத்தில் இடியப்பம் ஏறிப் போனதும் பூமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சூரனோடு கடற்கரைக்கு இறங்குவாள். ஐம்பத்தெட்டு வயது. இருபது பாகம் நீளத்துக்கு நைலோன் கயிறு. கரைவலை இழுக்கிற ஆட்கள் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பூமணியக்கா, நாங்க சுறாவக் கூட இந்தப் பாடுபட்டு இழுக்கிறல்ல!"

"நீங்க நாலு சூடை மீன இழுக்க நாப்பது பேர் நிக்கிறீங்க. நான் தனியாள். வலையப் பாருங்கடா!"

வெயில் ஏறி மணல் சுட முதல் திரும்பிவிடுவாள். சூரனின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள், காதுக்குள் உண்ணி தேடுவாள், உப்புப் போடாமல் அவித்த மீனைச் சோற்றில் பிசைந்து வைப்பாள். ஓடிக் களைத்த சூரன் அதற்குப் பிறகு செருப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு நாள் வேலி ஓரத்தில் சூரன் ஒரு முன்காலைத் தூக்கி, வாலை நீட்டி, மூச்சு விடாமல் நின்றான். காலில் முள் என்று நினைத்துப் பூமணி நல்லெண்ணெய் பூசித் தேய்த்தாள். அவன் அசையவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் சிரித்துவிட்டார்.

"அம்மா, இந்த இனம் அப்பிடித்தான். பறவையக் கண்டா நிண்டு காட்டும். அந்த நேரம் அவன் பாத்தது கோழியா?"

கோழிதான். வேலிக்கு அப்பால் உம்முவின் கோழி.

உம்முவும் பூமணியும் இருபது வருடம் ஒரே வேலிக்காரர். உம்மு கறுத்தக் கோழி வளர்க்கிறவள், முட்டையை அடை வைத்துக் குஞ்சு விற்கிறவள். அடுத்த கிழமையே சூரன் நின்று காட்டியது போதுமென்று வேலியைத் தாண்டினான். ஒரு பேட்டுக்கோழி செத்தது. போதாததற்கு உம்மு தொழுகைக்குக் கைகால் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தான்.

உம்மு செத்த கோழியோடு வேலியடிக்கு வந்தாள்.

"என்னகா பூமணி! வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வெச்சிக்க எங்கட மார்க்கத்திலயும் இடமிரிக்கி. நான் வேணாமெங்கல்ல. ஆனா அது வாய் வெச்ச வாளிய மண் போட்டு ஏழு தரம் கழுவோணும். எனக்கு முழங்கால் வருத்தம். கோழி போனாப் போகட்டும், நாளைக்கும் ஏழு தரம் கழுவ என்னால ஏலா."

நியாயமான பேச்சு. அழகரெத்தினம்தான் மெல்லச் சொன்னார், "கந்தப்போடி மச்சானுக்கு வயல்வாடியில நாய் ஒண்டு வேணுமாம்."

வயல்வாடிக் காவல் குடிசையில் நாயைப் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டித்தான் வைப்பார்கள். பூமணி சூரனைப் பார்த்தாள். நிற்கத் தெரியாத அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு, அக்கா முறையில் கூப்பிடுகிற உம்முவின் பக்கம் திரும்பினாள்.

"ராத்தா, இண்டைக்கு எங்கட கோயில் கொடியேத்தம். பதினெட்டாம் நாள் தீமிதிப்பு. அதுக்குள்ள இவன உங்கட கோழிக்கு முன்னால கயிறில்லாம நிப்பாட்டிக் காட்டுறன். ஏலாட்டி நானே இவன வயலுக்கு ஏத்தி விடுவன்."

"சரி. பதினெட்டு நாள்."

"இன்னொண்டு ராத்தா. படிப்பிக்க ஒரு கோழி வேணும்."

உம்மு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒன்ட நாய்க்கிப் படிப்பிக்க என்ட கோழியா? நல்லாரிக்கி!" என்றாள். ஆனாலும் ஒரு கிழட்டுச் சேவலைக் கூடையோடு வேலிக்கு மேலால் கொடுத்தாள்.

பூமணிக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மா பதம் வரும்வரை கையை எடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும், அது போதும். சேவலைக் கூடையால் மூடி வைத்தாள். கயிற்றில் சூரன். "நில்!" என்பாள். அவன் பாய்ந்தால் கயிறு பிடிக்கும், நின்றால் அவித்த மீன் கிடைக்கும். முதல் நாள் மூன்று மூச்சு நின்றான். ஐந்தாம் நாள் நூறு எண்ணும்வரை. ஒன்பதாம் நாள் கூடையைத் தூக்கினாள், சேவல் அவன் மூக்குக்கு முன்னால் நடந்து போனது, சூரன் கல்லாக நின்றான். முடிந்ததும் அவளுடைய முகத்தைப் பார்ப்பான், போகலாமா என்று. பூமணி "ஓம்" என்பாள், ஆம் போ என்கிற மாதிரி. துள்ளிக்கொண்டு மீனுக்கு ஓடுவான்.

பன்னிரண்டாம் நாள் உம்முவைக் கூப்பிட்டாள். வேலிக்கதவு திறந்திருந்தது. ஏழெட்டுக் கோழிகள் அந்தப் பக்கம் மேய்ந்தன. கயிறில்லை. "நில்!"

சூரன் காலைத் தூக்கி நின்றான். வால் கூட ஆடவில்லை. உம்மு வாயில் கைவைத்தாள்.

"அல்லாஹ்வே! பூமணி, இது மெய்யாத்தான் நிக்கிதா?"

பூமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஓம் ராத்தா!"

சூரன் பாய்ந்தான். உயிர்ச்சேதம் இல்லை, ஒரு கோழியின் வால் மட்டும் அவன் வாயோடு வந்தது. வாளியை உம்மு நல்லகாலத்துக்கு உள்ளே வைத்திருந்தாள்.

"நிக்கிதெண்டு சொன்னாயே புள்ள!" என்று உம்மு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று பின்னேரம் அழகரெத்தினம் கேட்டார், "தேத்தண்ணி ஊத்தவா?"

"ஓம்" என்றாள். மூலையில் படுத்திருந்த சூரன் எழும்பி வாசலுக்குப் பாய்ந்தான்.

பூமணி அவனைப் பார்த்தாள். "சூரன், நில்!" நின்றான். "ஓம்." பாய்ந்தான்.

"அட கடவுளே! பிழை நாயில இல்ல, என்ட வாயில!"

கிழக்கு மாகாணத்தில் பிறந்த மனுசர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஓம் சொல்வார்கள்? அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள். வாகனக்காரன் ஓம், மீன்காரன் ஓம், தொலைபேசியில் ஓம் ஓம் ஓம். போதாததற்குக் கோயில் ஒலிபெருக்கி, காலையும் மாலையும் "ஓம் சக்தி" என்று ஊரதிரப் பாடியது. ஒவ்வொரு தரமும் சூரன் எழும்பி ஓடினான்.

"வாய மூடிக்கொண்டு ஆறு நாள் இருந்து பாரு" என்றார் அழகரெத்தினம்.

"என்ட வாய மூடலாம். அம்மன்ட வாய மூடேலுமா?"

கொழும்புக்குப் போன் எடுத்தாள். முகாமையாளர் சொன்னார், "பழைய சொல்ல மறக்கப் பண்ண வேணும் அக்கா. புதுச் சொல் ஒண்டு எடுங்க, ஊரில ஆரும் கதைக்காத சொல்லா. ஆனா ஆறு நாள் காணாது. உங்களுக்கு ஏல..."

பூமணி போனை வைத்துவிட்டாள்.

ஊரில் ஒருவரும் கதைக்காத சொல். அதுவும் கிடைத்தது. அழகரெத்தினம் டீவியில் சென்னை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு மருமகள் மாமியாரிடம் "ஆமாங்க" என்றாள். கல்முனைக் கரையில் பிறந்த ஒருத்தர் அப்படிச் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்த நாளிலிருந்து கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓம், ஓம், ஓம் என்று தொண்டை வறளச் சொன்னாள். பாய்ந்தால் ஒன்றும் கிடைக்காது. நின்றால், "ஆமாங்க!", மீன். கரைவலைக்காரர் சிரித்தே வலையை விட்டார்கள்.

"அக்கா சென்னைக்குப் போகப் போறாபோல!"

"சிரிங்கடா. தீமிதிப்பண்டைக்கு வந்து பாருங்க."

டீவி நாடகத்தை ஆறு நாளும் சத்தமில்லாமல் பார்க்கச் சொல்லி அழகரெத்தினத்துக்கு உத்தரவு. பார்த்தார், பாவம். இடியப்பம் பிழிகிற நேரத்திலும் ஒரு கை உரலில், ஒரு கை கயிற்றில். கயிறு அறுத்த உள்ளங்கையில் மா ஒட்டினால் எரியும். எரியட்டும் என்று பிழிந்தாள். நாலாம் நாள் ஓம் என்றால் சூரன் காதை மட்டும் அசைத்தான். ஐந்தாம் நாள் காதும் அசையவில்லை.

தீமிதிப்பு நாள் வந்தது. கோயிலுக்குப் போக முதல் பூமணி வேலிக்கதவைத் திறந்தாள். உம்மு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாளியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். கோழிகள் காலடியில். வால் போன கோழியும் அதற்குள்.

"நில்!"

சூரன் காலைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி தொடங்கியது, "ஓம் சக்தி! ஓம் சக்தி!" உம்மு கண்ணை மூடிக்கொண்டாள். பூமணி மூடவில்லை.

சூரனின் மூக்கு நடுங்கியது. உடம்பு நின்றது.

உம்மு ஒரு கண்ணைத் திறந்தாள். "நிக்கிதா பூமணி?"

"ஓம்" என்றாள் பூமணி. ஆறு நாள் வெறும் பாடமாகச் சொன்ன சொல்லை இப்போதுதான் மனதாரச் சொன்னாள். "ஓம் ராத்தா! ஓம்! ஓம்! நல்லாப் பாருங்க, ஓம்!"

வால் போன கோழி அவனுடைய தூக்கிய காலுக்குக் கீழால் நடந்து போனது. சூரன் நின்றான்.

உம்மு வாளியைக் கீழே வைத்தாள். "சரிகா, இரிக்கட்டும். வயலுக்கு அனுப்பாத. மத்த நாய்கள் என்ட கோழியப் புடிக்க வந்தா இவன்தான் காவல்."

பூமணி சூரனின் பக்கம் திரும்பினாள். உம்முவுக்குக் கேட்கக் கூடாதென்று குனிந்து, காதோடு காதாக,

"ஆமாங்க."

சூரன் அவளுடைய கையிலிருந்த மீனுக்குத் துள்ளினான். உம்முவுக்குக் கேட்டுவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போயின.