வலிப்பும் ஒரு சாவிக்கொத்தும்

மாதா கோயிலில் காலைப் பூசை முடித்து, முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்குப் பிரஷர் பார்க்க பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு வாராவாரம் போகிறேன்.

குரோம்பேட்டையில் முன்சீட்டுக்காரருக்கு வலிப்பு.

"சாவி குடுங்கப்பா, கையில வச்சா நின்னுடும்," என்றார் கண்டக்டர்.

"நான் நர்ஸு. தள்ளுங்க, ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க."

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபத்து.

இரண்டு. மூன்று. யாரோ அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள்.

நான்காவது நிமிடம் உடல் தளர்ந்து, மூச்சு சீரானது.

"பாத்தீங்களாக்கா, சாவி வச்சதும் நின்னுடுச்சு," என்றார் கண்டக்டர்.

முப்பத்தாறு வருட நர்ஸ் நான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்த நான்கு நிமிடமும் உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வர, மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால், "உனக்கு மாதா, அவருக்குச் சாவி. விடும்மா," என்கிறாள் மகள்.

நீங்களும் அவள் கட்சிதானா?