ஏறும்போது எட்டு

போன வாரம் என் மகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். மலைமேல் கூடாரத்தில் இரண்டு நாள் தங்குவதற்குப் பதிவு செய்கிறாளாம். பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், செல்லப் பிராணி உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில், பிராணி ஒன்றுக்கு மேல் அனுமதி இல்லை, அதற்கும் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எதுக்கும்மா சிரிக்கிற?"

"எங்கம்மா இத நிரப்பியிருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன்டி."

அம்மா நிரப்பியிருந்தால் அந்தக் கட்டம் போதாமல் போயிருக்கும். பூனை ஒன்று, வெள்ளாடு ஒன்று, கோழி இரண்டு என்று எழுதி, பூனைக்குப் பெயர் சீனி என்பதையும் சேர்த்திருப்பார்.

எங்களுக்குச் சொந்த ஊர் போடி. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா ஜீப்பு வைத்திருந்தார். விடியும் முன்னே ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்பது அத்தாவுக்கும் அல்லாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அந்த ஜீப்பு மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓய்வெடுக்கும், அது பொங்கலுக்கு. வேலைக்கு வரும் அத்தனை பேரும் ஊரில் பொங்கல் வைக்கப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடமும் லீவு. ஊரே பானையும் கரும்புமாகப் பரபரப்பாக இருக்கும்போது, சோலி இல்லாத முஸ்லிம் குடும்பம் ஒன்று என்னதான் செய்யும்? அத்தா கண்டுபிடித்த பதில் மலை. வருடம் பூராவும் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற இடத்தில் ஒரு தடவையாவது தானும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. 'கேம்பிங்' என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. "மேல போய்த் தங்குறது" என்போம், அவ்வளவுதான்.

இதற்கு அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். "வீட்டப் பூட்டுனா உள்ள உசுரோட எதுவும் இருக்கக் கூடாது."

பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று அத்தா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "அவுக சோத்த சீனி திங்க மாட்டா" என்று அம்மா முடித்துவிட்டார். ஆகவே எங்களோடு பூனை, ஆடு, கோழி எல்லாமே மலையேறின. ஆட்டின் பெயர் ராணி. ஜீப்பின் பின்பக்கம் அவள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பாள். கோழிகள் பஞ்சாரக் கூடைக்குள் இருக்கும். சீனி அம்மாவின் மடியில். எதிர்த்த டீக்கடைக்காரர் வருடம் தவறாமல் கத்துவார், "நூஹு நபி கப்பலு கெளம்பிருச்சுடோய்!" பிரளயத்தில் எல்லா உயிர்களையும் ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்ட கப்பலைச் சொல்கிறார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். ஆனால் சிரிப்பது எனக்குத் தெரியும்.

முந்தல் தாண்டி மலை ஆரம்பிக்கிற முதல் வளைவில் அத்தா வண்டியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். அம்மா எண்ணுவது அங்கேதான். தொழுது முடித்துத் தஸ்பீஹ் எண்ணி ஓதும்போது செய்வதுபோல, கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுவில் ஒவ்வொன்றாக வைத்து எண்ணுவார். அத்தா, அம்மா, நான், தம்பி சலீம், சீனி, ராணி, இரண்டு கோழி. எட்டு வந்ததும், "சரி, விடுங்க" என்பார். அந்தச் 'சரி' வரும்வரை அத்தா சாவியைத் தொட மாட்டார். திரும்பி இறங்கும்போது மேலே ஒரு எண்ணிக்கை. கூட்டிக்கொண்டு போனதையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாக வேண்டும், அது நிபந்தனையின் இரண்டாம் பாதி.

மலைப்பாதையைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, ஏனென்றால் பார்த்ததே இல்லை. மூன்றாவது வளைவிலேயே எனக்கு வாந்தி வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடியே மேலே போய்ச் சேர்வேன். ஜீப்புக்காரர் மகள் என்று வெளியே சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். ராணி ஒரு தடவைகூட வாந்தி எடுத்ததில்லை. சலீம் இதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

எங்கள் கூடாரம் என்பது ஏலக்காய் மூட்டைகளை மூடுகிற படுதா. ஒரு பக்கத்தை ஜீப்பின் கம்பியில் கட்டி, மறு பக்கத்தை இரண்டு கம்பு நட்டு இழுத்துவிட்டால் தீர்ந்தது. அதில் ஏழெட்டு ஒட்டு இருக்கும், ஆனால் ஏலக்காய் வாசனை மட்டும் ஒட்டுப் போடாமல் முழுசாக இருக்கும். இன்றைக்கும் டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது டீ இல்லை, அந்தப் படுதாதான். அதற்குள் படுத்துக்கொண்டு, ராணியின் பாலில் அம்மா போட்ட டீயைக் குடிப்போம். ஆட்டுப்பால் வாடை தெரியாமலிருக்க அம்மா ஏலக்காயை அள்ளிப் போடுவார். கடையில் கேட்டால் யானை விலை சொல்கிற சரக்கு அங்கே காலடியில் உதிர்ந்து கிடக்கும். கருவாட்டுக் குழம்பும் சோறும்தான் மூன்று வேளையும். அந்தக் குளிரில் அது இறங்கிய சுகத்தை எந்த ஓட்டலிலும் நான் திரும்பப் பார்க்கவில்லை.

தோட்டத்து ஓரமாக ஓடைப் பக்கம் ஒரு சமதளம், அதுதான் எங்கள் இடம். கொஞ்சம் தள்ளி, பறித்த ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கிற கட்டிடம். எல்லோரும் 'ஸ்டோரு' என்போம். பொங்கலுக்கு முன்னால் பறித்த காய் அங்கே காய்ந்துகொண்டிருக்கும். அடுப்பு அணையாமல் விறகு தள்ளுவதற்கு ஒரு சேட்டன் மட்டும் லீவு இல்லாமல் இருப்பார். அவரும் அவர் மனைவியும் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவர் தமிழும் மலையாளமும் சம அளவில் கலந்து பேசுவார், எங்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

நான் ஆறாவது படித்த வருடம்தான் அது நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் படுதாவை அவிழ்த்து, சட்டிபானை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அம்மா எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழுதான். சீனியைக் காணோம்.

கருவாட்டுத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, என் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்த ஏலச்செடிகளுக்குள் "சீனீ, சீனீ" என்று கத்திக்கொண்டு அலைந்தேன். சலீம் மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்த்தான். சேட்டனிடம் கேட்டோம். "பூச்சயா? இங்ஙோட்டு வரலியே மோளே" என்று கையை விரித்தார். வெயில் இறங்க ஆரம்பித்துவிட்டது. அத்தா ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் பொங்கல் முடிந்து முதல் வேலைநாள். விடியும் முன்னே போடியில் ஜீப்பு நிற்கவில்லை என்றால் தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணி ஆட்களை வேறு வண்டியில் ஏற்றிவிடுவார். அந்த டிரிப்புக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலைந்து வண்டிகள் நின்றன. ஒரு நாள் விட்டால் விட்டதுதான். எங்கள் வீட்டு உலை கொதித்ததே அந்த டிரிப்பில்தான்.

"பூனைதான புள்ள, தானா வந்துரும்" என்றார் அத்தா.

"எப்படி வரும்? அம்புட்டு வளைவையும் எண்ணிக்கிட்டே எறங்கி வருமா?"

"பொழப்பா, பூனையா? நீயே சொல்லு."

அம்மா மூன்று நாள் சமைத்த அடுப்புக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார். "பொழப்புக்கு நீங்க போங்க. பூனைக்கு நான் இருக்கேன்."

"புள்ளைக?"

"அதுகளும் இருக்கட்டும். காலைல ஆளுகள ஏத்திக்கிட்டு நீங்க இங்கிட்டுத்தான வரணும்?"

அத்தா விறுவிறுவென்று ஜீப்புக்கு நடந்தார். கோபத்தில் ஜீப்புக் கதவைச் சாத்திய வேகத்தில் கோழிகள் கத்தின. பிறகு சேட்டனிடம் தனியாகப் போய் என்னவோ சொன்னார். சேட்டன் மனைவி வந்து, "எந்தினா பயம், நம்ம வீட்டில கிடக்காம்" என்று எங்கள் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ராணியையும் கோழிக் கூடையையும் இறக்கிவிட்டு, காலி ஜீப்பு தடதடவென்று இறங்கிப் போகிற சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்தது. ஒரு பூனையால் எங்கள் குடும்பம் உடைந்துவிட்டது என்று நான் மனதார நம்பினேன். இனி அத்தாவோடு நானா, அம்மாவோடு நானா என்று யோசித்து அழுதேன். ராணி யாரோடு போவாள் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

காலையில் பனி விலகும் முன்னே ஜீப்பின் ஹாரன் கேட்டது. பெண்கள் கரும்பும் பொங்கல் சோற்றுத் தூக்குச்சட்டியுமாக இறங்கினார்கள். அத்தா கடைசியாக இறங்கினார். கண் சிவந்திருந்தது. அம்மா, "சாப்டீங்களா?" என்றார்.

"வீட்டுக்குள்ள படுக்க முடியல புள்ள. ஒரு சத்தமும் இல்ல. ஜீப்புலதான் படுத்தேன்" என்றார் அத்தா.

அத்தனை பெண்கள் இருப்பதை மறந்து சொல்லிவிட்டார். அம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குடும்பம் உடையவில்லை என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அந்தக் கூட்டத்தில் மூத்தவரான பாண்டியம்மா அக்கா முதலில் கேட்ட கேள்வி, "பூனை வயித்தோட இருந்துச்சா?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா தரையைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் அத்தா.

"சொன்னா ஏத்தியிருப்பீகளா?"

பாண்டியம்மா அக்கா அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். "இந்தக் குளுருக்கு வயித்துக்காரி சூட்டத் தேடித்தான் போவா. ஸ்டோருக்கு வாங்கடி." சேட்டன் வழியெல்லாம் வரவில்லை, வரவில்லை என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். அடுப்பை ஒட்டி அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால், வெதுவெதுப்பான சந்தில், சீனி படுத்திருந்தாள். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு குட்டிகள். கீழே மெத்தையாக ஒரு கம்பளி.

"அய்யோ, என்டெ கம்பிளி!" என்றார் சேட்டன். விறகுக்குப் பின்னால் விழுந்தது தெரியாமல் இரண்டு நாளாக அவரும் தேடிக்கொண்டிருந்தாராம்.

அன்று கங்காணி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். பெண்கள் ஒவ்வொருவராகக் குட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குள் இறங்கினார்கள். சாயங்காலம் பதினெட்டுப் பேரோடு நாங்களும் ஜீப்பில் திணிந்தோம். கம்பளியைச் சேட்டன் திருப்பிக் கேட்கவில்லை. அம்மா எண்ண ஆரம்பித்தார். "எங்களையும் சேத்துக்கங்க" என்று பெண்கள் கேலி செய்தார்கள். "ஒங்கள கங்காணி எண்ணிக்குவாரு" என்று சொல்லிவிட்டு அம்மா கணுக்களைத் தொடர்ந்தார். ஏறும்போது எட்டு, இறங்கும்போது பன்னிரண்டு. "சரி, விடுங்க." நான் அன்றைக்கும் வாந்தி எடுத்தேன், பாண்டியம்மா அக்காவின் சேலையில்.

அதற்குப் பிறகும் ஐந்தாறு பொங்கலுக்குப் போனோம். பிறகு சலீம் வெளிநாட்டுக்குப் போனான், நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன், ஜீப்பு இரும்புக்கடைக்குப் போனது. நாங்கள் படுதா கட்டிய சமதளத்தில் இப்போது ஒரு விடுதி. மகள் பதிவு செய்தது அதற்குப் பக்கத்தில்தான். அங்கே கூடாரத்துக்குக் கட்டில் உண்டு, கண்ணாடி உண்டு, வெந்நீர்க் குழாய்கூட உண்டாம். நான் பழைய பெருமை பேசப் போவதில்லை, வெந்நீர் நல்ல விஷயம்தான்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. அத்தா போடி வீட்டில் ஒரு பூனையோடு தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிடாத நாளில்லை. "நான் வந்தா வீட்டப் பூட்டணும்ல? பூட்டுனா இது எங்க போகும்?" என்று பூனையைக் காட்டுவார். பூனையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றால் பேச்சை மாற்றிவிடுவார். இந்தத் தடவை மலைக்கு என்றதும் மறுபேச்சு இல்லை. தடுப்பூசிச் சான்றை அவரே வாங்கி வைத்திருந்தார்.

நேற்றுக் காலை போடியில் அவரை ஏற்றிக்கொண்டோம். வீட்டைப் பூட்டியவர், மறுபடி திறந்து உள்ளே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து பூட்டினார். காரை ஓட்டியது என் மகள். முந்தல் தாண்டி முதல் வளைவு வந்ததும் அத்தா, "இங்கின நிறுத்தும்மா" என்றார்.

"என்ன நன்னா, வண்டி சூடாகலையே" என்றாள் அவள், தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனாலும் ஓரமாக நிறுத்தினாள்.

அத்தா முன் இருக்கையிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்தார். என்னை, என் கணவரை, என் மகனை, ஓட்டுகிறவளை, தன் மடியில் இருந்த கூண்டுக்குள் பூனையை. கட்டைவிரல் கணுக்களில் ஏறியது. தன்னையும் சேர்த்து ஆறு. அடுத்த கணுவுக்குப் போன விரல் அங்கேயே நின்றது. பின்னால் ஒரு பஸ்சு ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

"எல்லாரும் இருக்கமா நன்னா? போலாமா?" என்றாள் மகள்.

அத்தா 'சரி' சொல்லவில்லை. கையை மடித்துக்கொண்டு, "விடும்மா" என்று மட்டும் சொன்னார்.