ஒற்றைக்கரை மஃப்ளர்

பின்னலக்காவுக்குத் தப்பே வராது. அப்படித்தான் அவளே சொல்லிக்கொள்வாள். மறுத்துப் பேசத் தெருவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஸ்வெட்டரின் கை நீண்டுவிட்டால், போட்டவனின் கை குட்டை. தொப்பி கண்ணை மறைத்தால், குழந்தைக்குத் தலை இன்னும் வளரவில்லை. போட்ட பின்னலைப் பிரித்த சரித்திரமே அவளுக்கு இல்லை. அதையும் மீறி வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் பழி போடத் தம்பி இருந்தான். பால் பொங்கினாலும் அவன்தான், பல்பு போனாலும் அவன்தான். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவன். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வீடு, ஒரே டிவி, தீராத சண்டை.

அந்தத் தம்பிக்குத்தான் வெள்ளைக் கம்பளியில் ஒரு மஃப்ளர் பின்னினாள். தலை வழியாக மாட்டிக்கொள்ளும் வளைய மஃப்ளர். நீளமாக ஒரு பட்டை பின்னி, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால் வளையம் தயார். அப்புறம் மேல்கரைக்குச் சிவப்பு நூல், கீழ்க்கரைக்குக் கறுப்பு என்பது திட்டம். முனைகளைத் தைக்கிற நேரம் பார்த்துத் தம்பி ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டான். விடுவாளா? வாய் அவனை வறுத்தெடுக்க, கை தன்பாட்டுக்குத் தைத்து முடித்தது. தைக்கும்போது பட்டை ஒரு தடவை புரண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் மேல்கரையில் சிவப்பு நூலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். ஒரு சுற்று முடிந்தபோது கீழ்க்கரையில் நின்றாள். இன்னொரு சுற்றும் போன பிறகுதான் ஆரம்பித்த இடம் வந்தது. பார்த்தால் இரண்டு ஓரமும் சிவப்பு. கறுப்பு நூல்கண்டு மடியில் அப்படியே கிடந்தது. அதை வைக்க இடமே இல்லை.

இதற்கும் தம்பியைத்தான் கூப்பிட்டாள், திட்டுவதற்கு. அவனோ மஃப்ளரை வாங்கி, கரையில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா! இதுக்கு ஒரே ஒரு கரைதான். முன்பக்கம் பின்பக்கம்னுகூடக் கிடையாது, எல்லாம் ஒரே பக்கம். இதை போர்டுல வரைஞ்சு வரைஞ்சு என் கை ஓஞ்சு போச்சு. எப்படிக்கா போட்டே?"

"எப்படின்னா? வேணும்னுதான் போட்டேன்" என்றாள், கண்ணை இமைக்காமல்.

அந்தப் பொய்தான் வினையாக வந்து சேர்ந்தது. வகுப்புக்கு வந்து எல்லார் முன்னாலும் ஒன்று தைத்துக் காட்டு என்று பிடித்துக்கொண்டான். அவன் பாடம் எடுத்தால் மாணவர்கள் தூங்குவது கல்லூரிக்கே தெரிந்த கதை. இந்த ஒரு வகுப்பிலாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று முதல்வரையே வேறு அழைத்திருந்தான், அசடு.

பட்டையை வீட்டிலேயே பின்னி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு முனையைப் புரட்டிப் பிடித்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. புரட்டினாள். ஊசியைக் குத்தப் போகும்போது முதல் பெஞ்சில் ஒருவன் குகை மாதிரி வாயைத் திறந்து கொட்டாவி விட்டான்.

"ஏன்டா, தூங்காம ராத்திரி முழுக்க என்னத்தக் கிழிச்சே?" என்று ஆரம்பித்தவள், அவன் தலைமுடி, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். வகுப்பு சிரித்தது. கைக்கு இதெல்லாம் தெரியாதே. காலங்காலமான பழக்கத்தில் அது பட்டையை நீவி, நேராக்கி, ஒழுங்காகத் தைத்து வைத்திருந்தது.

தம்பி பெருமிதமாகச் சிவப்பு சாக்பீஸை எடுத்து மேல்கரையில் ஓட்டினான். ஒரே சுற்றில், கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றது. கீழ்க்கரை வெள்ளை வெளேரென்று பல்லிளித்தது.

"சார், இதுக்கா எங்களை எழுப்பினீங்க?" என்றது பின்பெஞ்சு. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இவன் வாங்கித் தந்த நூல் சரியில்லை என்ற வார்த்தை பின்னலக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தம்பியைப் பார்த்தாள். சாக்பீஸும் கையுமாக அவன் குறுகிப்போய் நின்றிருந்தான். வழக்கம்போல அவள் ஏதோ சொல்லப் போகிறாள், தலையாட்ட வேண்டியதுதான் என்று அவன் முகம் காத்திருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"உங்க சார் மேல தப்பு இல்ல" என்றாள். "அன்னிக்கு வீட்டுல நான் தப்பாத் தைச்சுட்டேன், அதுதான் அப்படி வந்துச்சு. இன்னிக்கு வேணும்னே தப்பாத் தைக்கலாம்னு வந்தேன். சரியா வந்து தொலைச்சிடுச்சு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அக்கா வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

பின்னலக்கா கத்தரியை எடுத்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். முனையைப் புரட்டித் தம்பியின் கையில் திணித்தாள்.

"இதை இப்படியே பிடி. நான் எவனைத் திட்டினாலும் விடாதே. இந்தத் தடவையும் சரியா வந்துச்சுன்னா, அது உன் தப்பு."