மூன்றாம் குளத்துப் பால் இரத்தம்

பேய், ஜின் என்று ருக்கையாவிடம் பேச்செடுத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பியதில்லை. இரத்தத்தைக் குழாயில் ஊற்றிச் சுழற்றினால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். தெரியாததைப் பற்றிப் பேசுவானேன் என்பது அவள் கட்சி. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் மனித இரத்தத்தோடு பாதி ஆயுளைக் கழித்தவள், பிறகு ஆயர் குரோவில் ஒரு தனியார் மீன்நோய்க் கூடத்தில் சேர்ந்தாள். "கத்துற மனுஷன் கையில குத்துனது போதும்னு கத்தாத மீன் வாலுல குத்தப் போயிட்டா" என்று புக்கிட் பெருவாங்கில் கடை வைத்திருக்கும் அவள் கணவன் அஷ்ரப் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

சேர்ந்த புதிதில் ஓர் அசட்டு வேலை செய்தாள். சுழற்றிய குழாய்களில் தேங்காய்ப் பாலாக வெளுத்து நின்றதையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். கொழுப்பு கலங்கிய இரத்தம் கருவிக்கு ஆகாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூடத்து டாக்டர் திவ்யதர்ஷினி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க கொட்டுனதுதான் மீனோட பட்டாளம் லா!"

இரத்தத்தில் கொழுப்பு தனியாக ஓடாது. புரதத்தைப் போர்த்திக்கொண்டு நுண்ணிய உருண்டைகளாக ஓடும். அதற்கு லிப்போபுரதம் என்று பெயர். மனிதனுக்கு அது பெரும்பாலும் சுமை தூக்கும் கூலியாள். மீனுக்கோ காவல் வேலையும் அதற்குண்டு. போர்த்திய புரதமே கிருமியின் தோலைக் கிழிக்கும். டாக்டர் கிருமி பூசிய தட்டில் அந்தப் புரதத்தைப் பிரித்து ஒரு சொட்டு வைத்தார். மறுநாள் தட்டெங்கும் கிருமி படர்ந்திருக்க, சொட்டு விழுந்த இடம் மட்டும் மொட்டையாக இருந்தது. மீன் நன்றாகத் தின்றால் இரத்தம் வெளுக்கும், பட்டினி கிடந்தால் தெளிந்துவிடும், பட்டாளமும் இளைத்துவிடும் என்பதை ருக்கையா அன்றோடு மனதில் எழுதிக்கொண்டாள்.

பெம்பான் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மூன்று குளத்தில் திலாப்பியா மீன் வளர்த்த சிவசாமி கூடத்துக்கு அடிக்கடி வருவார். மோட்டார் விபத்தில் நைந்த இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். "தங்கச்சி, என் பிள்ளைங்களுக்கு வலிக்காம எடு" என்று வாளியை நீட்டுவார். ஒருநாள் உச்சி வேளையில் மூன்றாம் குளத்துப் பலகையில் நின்று தீனி போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சாய்ந்தார். அவர் மனைவி முத்தாயி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதி முடியும்வரை துக்க வீட்டில் யாரும் குளத்துப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பட்டினியில் மீன்கள் இளைத்தன, கிருமி புகுந்தது. முதல் இரண்டு குளங்களிலும் வயிற்றில் சிவப்புப் புண்ணோடு மீன்கள் கூட்டமாக மிதந்தன. அப்போதுதான் முத்தாயி ருக்கையாவை வரச் சொன்னாள்.

"மூணாவது குளத்துக்கும் சீக்கு இருக்கான்னு பாரு, நர்ஸம்மா." ஊசி பிடிக்கிறவர்கள் எல்லோருமே முத்தாயிக்கு நர்ஸம்மாதான். "இருந்தா சுண்ணாம்பக் கொட்டி மண்ணப் போட்டு மூடிருவேன். சனிக்கிழமை மண்ணு தள்ள பேக்ஹோ வண்டி வருது. தினம் சோறு போட்ட ஆளையே முழுங்குன குளம். இன்னிவரைக்கும் ஒரு பிடி தீனி நான் போடல, யாரையும் போட விடல. தீனி ஸ்டோரு சாவி என் இடுப்புலதான் கிடக்கு."

மூன்றாம் குளத்தில் ஒரு மீன்கூட மிதக்கவில்லை. பட்டினி கிடக்கும் குளத்தில் அப்படி இருப்பது ருக்கையாவுக்கு நல்லதாகப் படவில்லை. கரையை நெருங்கியபோது அவள் கால் தானாக நின்றுவிட்டது. குளத்து மீன்கள் அத்தனையும் பலகைக்கு முன்னால் வந்து, வாயை நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றன. பலகையில் ஆள் இல்லை. ருக்கையா கையைத் தட்டினாள். ஒன்றுகூடச் சிதறி ஓடவில்லை.

சிலவற்றை வலையில் அள்ளி, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கவைத்து, வாலடியில் ஊசி ஏற்றினாள். கூடத்துக்குத் திரும்பிச் சுழற்றிப் பார்த்தாள். எல்லாக் குழாயும் பாலாக நின்றது. ஒரு மீனை அறுத்தும் பார்த்தாள். குடல் நிறைய பழுப்புத் தீனி, இன்னும் செரிக்காமல் இருந்தது. பட்டினி போட்ட குளத்து மீன் அன்று காலையிலோ முந்தைய நாளோ வயிறு புடைக்கத் தின்றிருக்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். இரத்தம் சொன்னது, என்ன செய்வது?

யாரோ தீனி போடுகிறார்கள் என்று போன் போட்டுச் சொன்னதும் முத்தாயி இரைந்தாள்.

"யாரு போட்டது? சாவி என்கிட்ட இருக்குதே நர்ஸம்மா! யாருன்னு நீயே பாத்துச் சொல்லு. என் புருஷனக் கொன்ன குளத்துக்குச் சோறு போடுற கை எதுன்னு எனக்குத் தெரியணும். அப்புறந்தான் மூடுறதா வேணாமான்னு பாப்பேன்."

வெள்ளிக்கிழமை ருக்கையா சொல்லாமல் கொள்ளாமல் போனாள். காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு, குளத்துக்கு எதிரே செம்பனை மட்டைகளுக்குப் பின்னால் குந்தினாள். உச்சிப் பொழுது ஆனது. எங்கும் ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. மீன்கள் ஒவ்வொன்றாகப் பலகைக்கு வந்து வாயை மேலே வைத்தன.

காய்ந்த மட்டைமேல் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. ஓர் அடி, பிறகு ஓர் இழுப்பு. ஓர் அடி, ஓர் இழுப்பு. ருக்கையாவின் உதடு தன்னால் குர்ஆனின் காப்பு வசனமான ஆயத்துல் குர்ஸியை முணுமுணுத்தது. சிவசாமியின் ஓலைத் தொப்பி தெரிந்தது, அவருடைய நீல வாளி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே இருந்த முகம் முத்தாயியுடையது.

முத்தாயி விறுவிறுவென்று நடக்கிறவள். இப்போது இடது காலை இழுத்துக்கொண்டு பலகையில் ஏறினாள். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கிற கண்ணாக இல்லை. "பா பா பா" என்று தொண்டை கரகரக்க அழைத்தபடி தீனியை வீசினாள். தண்ணீர் கொதித்தது. வாளி காலியானதும் திரும்பி, மட்டைகளுக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்ட ருக்கையாவைப் பார்த்தாள்.

"தங்கச்சி, முத்தாயிகிட்ட சொல்லிறாத. அவளுக்கு இந்தக் குளத்து மேல கோவம்."

குரலும் அவருடையதுதான். ருக்கையா தலையை மட்டும் ஆட்டினாள். கால் இழுபட்டுக்கொண்டே செம்பனைக்குள் போய் மறைந்தது.

ஓடிப்போய்க் காரில் ஏறியவளுக்கு வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை. மறுநாள் பேக்ஹோ வந்துவிடும். உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

முத்தாயி அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து, எப்போதும்போல விறுவிறுவென்று வந்து நாற்காலி போட்டாள். அவள் கையில் பூண்டையும் மீறித் தீனி வாடை அடித்தது. அவளுக்கு அது தெரிந்ததாகவே இல்லை.

"பாத்தியா நர்ஸம்மா? யாரு?"

நீதான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இவள் தன் கையைப் பார்த்தே பயந்து சாவாள், அல்லது கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு குளத்தை மூடுவாள். மூடிவிட்டால் அந்த மனுஷர் நடந்து வருவதற்கு இடமே இருக்காது. ருக்கையா குழாயில் காணாத எதையும் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அண்ணன்தான் போடுறாரு, அக்கா. என் கண்ணால பாத்தேன்."

முத்தாயி திடுக்கிடவில்லை. கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்தாள். சாவு வீட்டில்கூட அவள் அழவில்லை என்று ஊரே பேசியது. இப்போது முகம் கோணிக்கொண்டு வந்தது.

"பேக்ஹோகாரன வர வேணாம்னு சொல்லிடு" என்றாள். பிறகு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"குளத்துக்கு வரத் தெரிஞ்ச மனுஷன் வாசலுக்கு வரலியே. மீனுக்கு மட்டுந்தான் பசிக்குமாமா, நர்ஸம்மா?"