மச்சாளும் காணாமற்போன வீடியோக்காரரும்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை. சந்தேகம் வந்த இடங்களில் எழுத்தைக் கொஞ்சம் கிறுக்கி வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சரியென்று படுவதை வைத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேசவும் வராது. லூயிஷாமில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறேன். கத்தியைத் தூக்கி புருவத்தை உயர்த்தினால் போதும். துண்டா முழுசா என்று ஆட்களே சொல்லிவிடுவார்கள். இருபத்து மூன்று வருடமாக அப்படியே போகிறது.

இதை எழுதச் சொன்னவர் மச்சாள். என் மனைவியின் மூத்த அக்கா. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆட்களைப் பிடிக்கும் தொழிலில் இறங்கியவர். பொலிசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஆட்களின் விசேஷங்களுக்கு வருகிறேன், செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு போனை மாற்றிக்கொண்டு மறைந்துவிடுகிறவர்கள் இலண்டனில் ஏராளம். பதினொரு சட்டைத் துணிகளோடு தலைமறைவான தையற்கார அம்மா ஒருவர். கோயில் அண்டாவோடு காணாமற்போன சமையற்காரர் ஒருவர். இருவரையும் பிடித்து உரியவர்களிடம் ஒப்படைத்தது மச்சாள்தான். கூலி, கோடையென்றால் ஒரு பெட்டி மாம்பழம். குளிர்காலமென்றால் நண்டு.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஐந்து முறை பரீட்சை எடுத்தார். ஐந்தாவது முறை, பரீட்சை வைக்க வந்த வெள்ளைக்காரர் பாதி வழியில் இறங்கி பஸ்ஸில் போய்விட்டாராம். ஆகவே என்னுடைய ஓய்வு நாட்களில் நான்தான் சாரதி.

மச்சாள் ஆளைத் தேடும் விதம் வித்தியாசமானது. ஓடி ஒளிந்தவரின் சொந்தக்காரர் யாரிடமாவது நம்பரை எடுப்பார். பிறகு போன் அடித்து, தேன் ஒழுகுகிற குரலில், "மோனை, கலியாணக் காட் ஒண்டு அனுப்ப வேணும். உங்கட போஸ்ட்கோட் என்ன?" என்று கேட்பார். எங்கள் ஆட்கள் பொலிசுக்கு விலாசம் கொடுக்கமாட்டார்கள், கவுன்சிலுக்குக் கொடுக்கமாட்டார்கள். கலியாணக் காட் என்றால் கதவிலக்கம், மணி வேலை செய்யாது கதவைத் தட்டவும் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். யாருடைய கலியாணம் என்று ஒருவராவது கேட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் சித்திரையில் என் மகளின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நோர்பரியில் இருக்கிறார்கள். மகளும் இப்போது அங்கே மாமன் மாமியோடுதான் இருக்கிறாள். சம்பந்தி கவுன்சிலில் பெரிய வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டுவார். கலியாணம் முடிந்து பதினான்கு மாதமாகியும் வீடியோ வரவில்லை. வீடியோக்காரர் போனை எடுப்பதில்லை. கனடாவிலிருந்து சம்பந்தியின் உறவினர்கள் ஆடி மாதம் வருவதாக இருந்தது. அதற்குள் வீடியோ வேண்டும் என்று சம்பந்தியம்மா அழாத குறை. சம்பந்தி எல்லோரையும்விடச் சத்தமாக, "அவனைக் கண்டால் நான் விடமாட்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி மச்சாளிடம் கேஸைக் கொடுத்தார். எனக்கோ அந்த வீடியோ வராமலே இருந்தால் நல்லது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கலியாணத்தன்று காலையில் வீடியோக்காரர் என் சால்வையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டார். மந்திரம் தெளிவாக விழ வேண்டுமாம். நான் அதை அப்படியே மறந்துவிட்டேன். சடங்குகளுக்கு நடுவில் ஒரு ஐந்து நிமிடம் கிடைத்தபோது, மண்டபத்துக்கு வெளியே போய், வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்கு முன்னால் நின்று மனதிலிருந்ததையெல்லாம் கொட்டினேன். மனிதர்களிடம் பேச வராத எனக்கு வாழைமரத்திடம் நன்றாகவே வந்தது. சம்பந்தி நடப்பது டை கட்டின கொக்கு மாதிரி இருக்கிறது என்றேன். அவர்கள் கொண்டுவந்த முப்பத்தொரு சீர்த் தட்டங்களிலும் தட்டத்துக்கு இரண்டு அப்பிள்தான், மிச்சமெல்லாம் மினுங்கல் பேப்பர் என்றேன். போதாக்குறைக்கு, மச்சாள் உடுத்திருக்கும் பட்டுச்சேலை இலண்டன் பஸ்ஸின் சீற் துணி மாதிரி என்றும் சொன்னேன். அன்று பின்னேரம் வேட்டி மாற்றும்போது மனைவி, "இஞ்சாருங்கோ, சால்வையில என்ன வண்டு இருக்குது?" என்று கேட்டபோதுதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சம்பந்தி அதைக் கேட்டால் என்னை என்ன நினைத்தாலும் பரவாயில்லை. என் பிள்ளை அந்த வீட்டில் அவர்களுக்கு முன்னால் தலைநிமிர்ந்து தேத்தண்ணி போட வேண்டும். அதுதான் என் கவலை. எனவே, பிடிபடக்கூடாத ஒருவரைப் பிடிக்க நானே கார் ஓட்டினேன்.

கலியாணக் காட் வேலை செய்தது. வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீடு. பின்பக்கம் ஒரு கராஜ். அதுதான் வீடியோக்காரரின் ஒளிப்பிடம். நாங்கள் போனபோது கராஜ் திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. மேசையில் தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது. மச்சாள் விரலை விட்டுப் பார்த்தார்.

"சுடுது. ஆரோ சொல்லியிருக்கினம்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீரோ சொன்னனீர்?"

"ஐயோ, இல்லை மச்சாள்."

"அப்ப ஏன் உமக்கு இப்பிடி வேர்க்குது?"

"காரில ஏசி வேலை செய்யேல்லை."

"நாங்கள் காரை விட்டு இறங்கிக் கால் மணித்தியாலம்."

சத்தியமாக நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததுதான் வேர்வைக்குக் காரணம். வரும் வழியில் மச்சாள் கைப்பையிலிருந்த வடையை எனக்குத் தரவில்லை. அதிலிருந்தே நான் சந்தேக நபர் என்று விளங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விசாரணை நடந்தது. நாங்கள் போவதை மனைவி சந்தோசத்தில் நோர்பரிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

"சம்பந்தி வீட்டாருக்குத்தானே வீடியோ வேணும்? அவை ஏன் அவனை ஓடச் சொல்லப்போகினம்?" என்று மனைவி கேட்டார்.

மச்சாள் வடையைச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பஸ் ஸ்டொப்பில் மச்சாள் நின்றார். "காரை எடும். வெஸ்ட் ஈலிங்."

"எனக்கு வேலை இருக்கு மச்சாள்."

"மீன் எங்கயும் ஓடாது. செத்த மீன்தானே?"

மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. நேரே கராஜுக்குப் போனோம். மச்சாள் கதவைத் தட்டி, "கோயில் பிரசாதம்!" என்றார். உடனே திறந்தது. பிரசாதத்துக்குத் திறக்காத தமிழ்க் கதவு இல்லை.

வீடியோக்காரர் நின்றார். தாடியில் மாம்பழச் சாறு வடிந்தது. மச்சாளைக் கண்டதும் ஓடப் பார்த்தார். மச்சாள் குடையைக் குறுக்கே நீட்டினார்.

"இரும் மோனை. எங்க ஓடுறீர்? சப்பாத்தும் போடேல்லை."

உள்ளே சுவரோரமாக வெறும் மாம்பழப் பெட்டிகள் ஏழு அடுக்கியிருந்தன. எட்டாவது பாதி. மச்சாளின் முகம் மாறியது. தன் கூலியை வேறு யாருக்கோ கொடுக்கிறார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"உமக்கு ஆர் இவ்வளவு மாம்பழம் தாறது? என்னத்துக்கு?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. நானா வாங்கினது."

"தனி மனுசன் எட்டுப் பெட்டியோ? வயித்தாலை போகும்."

கராஜின் மூலையில் வீடியோ எடுக்கப் பயன்படுத்தும் பெரிய பச்சைத் துணி தொங்கியது. அதன் அடியில் பளபளப்பான கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி தெரிந்தது.

"அது என்ன?" என்று மச்சாள் கேட்டார்.

"கமரா ஸ்ராண்ட் அக்கா."

"ஸ்ராண்டுக்குச் சொக்ஸ் போடுறனீரோ?"

துணி தும்மியது. மச்சாள் குடையின் நுனியால் அதை விலக்கினார். டை கட்டிய சம்பந்தி நின்றார்.

நான் பத்து வருடம் யோசித்தாலும் இப்படி நினைத்திருக்கமாட்டேன். சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் மாம்பழத்தைப் பார்த்தேன்.

"நான்... பிள்ளையளின்ர வீடியோ என்ன மாதிரி எண்டு பார்க்க வந்தனான்" என்றார் சம்பந்தி.

"பச்சைத் துணிக்குப் பின்னால நிண்டு பார்த்தால் நல்லாத் தெரியுமோ?" என்றார் மச்சாள்.

வீடியோக்காரர்தான் உடைந்தார். நிலத்திலேயே குந்திவிட்டார். "அக்கா, என்னால இனி ஏலாது. மாப்பிள்ளையின்ர தகப்பனுக்கும் மைக் குத்தினனான். அவரும் கழட்ட மறந்திட்டார். டொய்லெட்டில நிண்டு கனடாவுக்குப் போன் கதைச்சதெல்லாம் விழுந்திட்டுது. மந்திரமும் அதுவும் ஒரே லைனில கலந்துபோச்சு, பிரிக்க ஏலாது. என்ன செய்யிறது எண்டு அவரைக் கேட்டன். ஒளிச்சிரு, சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு எண்டார். பதினாலு மாசமா ஒவ்வொரு சனியும் கொண்டுவந்து தாறார்." பிறகு என்னைக் காட்டி, "இவர் கதைச்சதும் விழுந்திருக்கு. இவருக்கும் இருபது தரம் போன் அடிச்சன். எடுக்கிறேல்லை."

தெரியாத நம்பரென்றால் நான் எடுப்பதில்லை. பேச வேண்டி வரும்.

"இவரோ?" என்றார் சம்பந்தி. "இவர் கதைப்பாரோ?"

மச்சாளுக்கு ஒரு விதி இருக்கிறது. பிடித்த பொருளை முழுக்கச் சோதித்துத்தான் ஒப்படைப்பார். சட்டைத் துணிகளைப் பதினொன்று என்று எண்ணினார், அண்டாவைத் தட்டிப் பார்த்தார். இதையும் கேட்டே தீருவேன் என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சம்பந்தியின் குரல். ரசம் கோப்பை கழுவின தண்ணி மாதிரி. பெண்ணின் தகப்பன் ஊமையோ தெரியாது. கை கொடுத்தால் மூன்று நாளைக்கு மீன் மணக்கிறது. நான் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சம்பந்தியின் காது சிவந்தது. பிறகு என் குரல். கொக்கு வந்தது. அப்பிள் வந்தது. மினுங்கல் பேப்பர் வந்தது. சம்பந்தி மெல்ல டையைத் தளர்த்தினார். கடைசியில் பஸ் சீற் வந்தது.

மச்சாள் எழுந்து சேலையைத் தட்டிச் சரி செய்தார்.

"எந்த பஸ்?"

நான் மாம்பழப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.

"மோனை," என்றார் வீடியோக்காரரிடம், "இதை நான் கேக்கேல்லை. நீரும் போடேல்லை. முதல்லயிருந்து கடைசிவரைக்கும் நாதஸ்வரத்தைப் போட்டு மூடும்."

"மந்திரம்?"

"மந்திரத்தை எவன் கேக்கிறான்?"

திரும்பி வரும்போது சம்பந்தியும் எங்கள் காரில் வந்தார். முன் சீற்றில் உட்கார்ந்து டையைத் திரும்ப இறுக்கினார். பிறகு, "அப்பிள் விசயம் எனக்கும் தெரியாது. அது என்ர மனிசியின்ர அலங்காரம்" என்றார். நான், "ரசம் உண்மையிலயே சரியில்லைத்தான்" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் முழு வசனம் அது.

ஆடி மாதம் நோர்பரி வீட்டில் வீடியோ காட்டினார்கள். கனடாக்காரர்கள் பன்னிரண்டு பேர், நாங்கள், மச்சாள். நாதஸ்வரம் வீட்டுக் கூரையைத் தூக்கியது. சம்பந்தியும் நானும் ஒரே சோபாவில் மூச்சுவிடாமல் இருந்தோம். தாலி கட்டியாயிற்று. தப்பிவிட்டோம் என்று நினைத்த நேரம் திரையில் மண்டப வாசல் வந்தது. அதில் நான். சத்தத்தை மூடினோமே தவிர, படத்தைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை. நான் வாழைமரத்துக்கு விரல் நீட்டி எச்சரிக்கிறேன். இடுப்பில் கை வைத்து கொக்கு மாதிரி இரண்டடி நடந்து காட்டுகிறேன். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, இவ்வளவுதான் என்று கையை விரிக்கிறேன்.

பன்னிரண்டு கனடாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. சம்பந்தியம்மா திரையில் என்னைக் காட்டி, "சம்பந்தி என்ன செய்யிறார்?" என்று கேட்டார்.

"தேவாரம் பாடுறார்" என்றார் சம்பந்தி. "பிள்ளையளுக்கு நல்லது நடக்க வேணுமெண்டு தனியப் போய்ப் பாடினவர். எனக்குத் தெரியும்."

"நடந்துகொண்டோ?"

"அது ஒரு முறை."

"அப்ப இப்ப ஒருக்காப் பாடுங்கோவன்" என்றார் கனடாவிலிருந்து வந்த பெரியவர். மச்சாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே தேவாரத்தைப் பாடினேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. சம்பந்தி எழுந்து தொடர்ந்தார். அவருக்கு ராகம் என்பதே இல்லை. எல்லோரும் கும்பிட்டார்கள்.

பிறகு தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். மகள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பா, அது தேவாரம் இல்லை."

"ஓம்."

"என்ன சொன்னனீங்கள்?"

இத்தனை மாதம் பயந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். பொய் சொல்லவும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். எனவே எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கு, அப்பிள், பஸ் சீற், டொய்லெட், பச்சைத் துணி என்று ஒன்றும் விடவில்லை. நான் அவளிடம் ஒரேயடியாக இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு பிரிட்ஜில் சாய்ந்தாள். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமா அப்பிடித்தான் அப்பா நடக்கிறவர். நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறன், ஒருத்தருக்கும் சொல்ல ஏலாமல் இருந்தது" என்றாள். "இன்னொருக்கா நடந்து காட்டுங்கோ."

நடந்து காட்டினேன்.

எழுதி முடித்தது: 25 ஓகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை.