செடி என்னத்தச் சாப்பிட்டுச்சு?

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில். என்னை அப்பாவின் தங்கையான அத்தையிடம் விட்டிருந்தார்கள். அத்தை தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள். லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளுக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தையின் போனை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறுவேன். அங்கேதான் அம்மா பேசி அனுப்பியது வந்து விழும்.

எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. "இன்னைக்கு என்ன படிச்ச கண்ணு?"

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. படித்தேன் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் எழுதுவேன், பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்வேன், எழுதிவிட்டு மறந்துபோவேன். நல்ல மார்க்ஸ் வாங்கினாலும் ஓடிப்போய்க் காட்ட வீட்டில் அம்மா இல்லை. "நீங்க எப்ப வருவீங்க?" என்று மட்டும் திருப்பி அனுப்புவேன். அதற்கு என்னென்னவோ பதில் வரும். தேதி மட்டும் வராது.

ஒருநாள் கோபத்தில் விஞ்ஞானக் கொப்பியை விரித்து, ஒளித்தொகுப்புப் பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மூச்சுவிடாமல் வாசித்து அனுப்பினேன். இனிமேல் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் பதில் வந்தது. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். "எலைதான் வெயில்ல செடிக்குச் சாப்பாடு செய்யுதுன்னு சொல்ற. சரி. அப்ப நாங்க கொழுந்தக் கிள்ளிக்கிட்டே இருந்தோமே, செடி என்னத்தச் சாப்பிட்டுச்சு? கேட்டுச் சொல்லு."

கொப்பியில் அது இல்லை. புத்தகத்திலும் இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தேயிலையைப் பற்றியும்தான் அந்தப் பாடம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த விஞ்ஞானப் பாடத்தில் முதல் தடவையாகக் கை தூக்கி அதைக் கேட்டேன். விஞ்ஞானம் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஆர் பிள்ளை இதைக் கேட்டது?"

"எங்க அம்மாங்க சேர்."

வகுப்பையே எழுப்பி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தேயிலைக்குக் கூட்டிப்போனார். கொழுந்தை விலக்கி, அடியில் கரும்பச்சையாகத் தடித்திருந்த இலைகளைக் காட்டினார். "இந்த முத்தின இலையள்தான் சமைச்சு மேல அனுப்புது. கொழுந்து சின்னப்பிள்ளை. வாங்கிச் சாப்பிடுறதுதான் அதின்ர வேலை."

அன்று கோயில் மேட்டுக்கு ஓடியே ஏறினேன். கொப்பி இல்லாமல், என் பேச்சிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெளங்கலியே கண்ணு. இன்னொருக்கா சொல்லு" என்றாள் அம்மா.

மறுநாள் ஒரு கிளையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அம்மா திரும்பவும் கேட்டாள். "மேல அனுப்புதுன்னா எப்புடி? மெதுவாச் சொல்லு. கேட்டுக்கிட்டே வேல செய்றேன்." அதற்காக இலை நரம்புகளைப் பற்றிப் புத்தகத்தில் தேடிப் படித்தேன். நாலு நாள் இப்படியே போனது. அதற்குப் பிறகு எந்தப் பாடம் நடந்தாலும், அம்மா இதில் எதைக் கேட்பாள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மனப்பாடம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. அம்மா வருவதற்கு இன்னும் மூன்று வருடம் ஆனது.

போன லீவில் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அத்தை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "முத்தின எலையில கை வைக்காத. அதுலதான் செடி உசுரு வச்சிருக்கு." முதல் நாளே எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுவார்களாம்.

குவைத்துக்குப் போகும் முன் அம்மா அந்த மலையில் பதினொரு வருடம் கொழுந்து பறித்தவள்.

எட்டாம் வகுப்பில் எனக்கு இது தோன்றவில்லை. இவ்வளவு சின்ன விஷயம்கூட அம்மாவுக்கு ஏறவில்லையே என்று அலுத்துக்கொண்டு, இன்னும் மெதுவாக, இன்னும் நீளமாகச் சொன்னேன்.