கர்ட்டன் அக்காவின் கியர் பாக்ஸ்

உட்கார்ந்ததும் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி முக்காலிமேல் வைத்துக்கொள்வாள் கர்ட்டன் அக்கா. அதோடு அந்தக் காலை மறந்துவிடுவாள். எதிரில் இருப்பவர்களும் மறந்துவிட வேண்டும் என்பது அவள் வீட்டுச் சட்டம். யாராவது பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டால் அடுத்த முறை அவர்களுக்குக் கதவு தாமதமாகத்தான் திறக்கும்.

வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, திரை தைத்து, மாட்டிவிட்டு வருவது அவள் தொழில். சிறு வயதிலேயே விளங்காமல் போன கால் கிளட்ச் மிதிக்காது. அதனால் கார் என்றால் ஆட்டோமேட்டிக்தான். இருப்பது ஒரு கிழட்டுக் கார். போன மாதம் அதற்கு ரிவர்ஸ் போய்விட்டது. முன்னால் போகும், பின்னால் வரமாட்டேன் என்று அடம். ஒர்க்‌ஷாப்காரர் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை எடைக்குப் போட்டுடுங்கம்மா" என்று கையை விரித்தார்.

தம்பிக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம். தங்கமான பிள்ளை, அக்காவைத் தாங்கு தாங்கென்று தாங்குவான். அதுதான் அவளுக்கு ஆகாது.

"நான் இருக்கேன்ல? எங்க போகணும்னாலும் சொல்லு, கூட்டிட்டுப் போறேன்."

"இன்னைக்குக் கூட்டிட்டுப் போவ. நாளைக்கு எதுக்குப் போறன்னு கேப்ப. போடா."

பழைய இரும்புக்காரனைச் சனிக்கிழமை வரச் சொன்னான் தம்பி. தானே பிரித்துச் சரிசெய்யப் போவதாகவும், அதற்குள் ரிவர்ஸ் விழாவிட்டால் காரைக் கொடுத்துவிட்டு அவன் வண்டியில் ஏறிக்கொள்வதாக அவளும் வீம்புக்கு ஒப்புக்கொண்டாள்.

கியர் பாக்ஸைக் கழற்றி இறக்கப் பக்கத்து வீட்டு வெல்டர் கைகொடுத்தார். மற்றதெல்லாம் துணி வெட்டும் மேசையில் நடந்தது. ஆட்டோமேட்டிக்கிலும் உள்ளே கிளட்ச் உண்டு, காலால் மிதிக்கத்தான் வேண்டாம். ரிவர்ஸுக்கான கிளட்ச் என்பது ஓர் உருளைக்குள் இரும்புத் தகடும் உராய்வுத் தகடும் மாறி மாறி அடுக்கிய வட்ட அடுக்கு. ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் வந்து நெருக்கினால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், வண்டி நகரும். உராய்வுத் தகடுகள் கருகிப் போயிருந்தன. புதியவற்றைக் கேக் தட்டில் ஆயில் ஊற்றி ஊறப்போட்டாள். தட்டுக்குச் சொந்தக்காரியான தம்பி மனைவி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"வேற வாங்கித் தர்றேன், இப்பத் தொடாத. காய்ஞ்ச தகடைப் போட்டா ஓடின உடனே கருகிடும்."

வியாழக்கிழமை எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்த்தாள். ரிவர்ஸ் வரவில்லை. தம்பி கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினான். அந்தக் கரிசனம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, வெல்டரை மறுபடி கூப்பிட்டாள்.

பிரித்துப் பார்த்தால் தப்பு அவளுடையதேதான். பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதடு போன்ற விளிம்பு, ஆயில் வரும் பக்கம் பார்க்க வேண்டும். அவள் மாட்டியது தலைகீழ். நல்ல பக்கம் வெளியே தெரியட்டும் என்று வருஷக்கணக்காகத் திரை தைத்த கை, பளபளப்பான பக்கத்தை வெளியே வைத்துவிட்டது. ஆயில் முழுக்க ஒழுகி ஓடியிருக்கிறது.

திருப்பி மாட்டி, மூடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வெல்டரின் கம்ப்ரஸர் காற்றை ஆயில் துளையில் செலுத்தினாள். பிஸ்டன் 'டொக்' என்று தகடுகளை நெருக்கியது.

"இதை முன்னாடியே பண்ணித் தொலைச்சிருக்கணும்டி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கியர் பாக்ஸை மறுபடி காரில் ஏற்றிப் பூட்டி முடிக்கவும், சனிக்கிழமை இரும்புக்காரனின் லாரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கவும் சரியாக இருந்தது.

"போதும்க்கா. உடம்பைக் கெடுத்துக்காத" என்றான் தம்பி. உண்மையான அக்கறைதான்.

அவள் காரில் ஏறி ரிவர்ஸுக்குத் தள்ளினாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு கார் லேசாகக் குலுங்கி, மெல்லப் பின்னால் நகர்ந்து, லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

இரும்புக்காரன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். அக்கா திரும்பியே பார்க்கவில்லை. ஆயில் படிந்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, லாரியை எடு என்று இரண்டு விரலை ஆட்டினாள்.